வில்சனின் கத்தியும் வில்சனின் சமாதானமும்

தேர்வுமேசை | சனி, இரவு 9.12

குடிமைப் பணித் தேர்வுக்குப் பொது நிர்வாகவியலை விருப்பப் பாடமாக எடுத்திருக்கிறேன். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதல் அத்தியாயத்தில் உட்ரோ வில்சன் உட்கார்ந்திருக்கிறார். 1887இல் ஒரு கட்டுரை எழுதினாராம், அதனால் அந்தத் துறைக்கே தந்தை. சரி என்று உலக வரலாற்றுப் பக்கம் போனால் அங்கேயும் அவர்தான். முதல் உலகப் போர், சமாதானத்துக்கு அவர் முன்வைத்த பதினான்கு அம்சங்கள், இனிப் போர் வராமல் தடுக்க நாடுகள் சேர்ந்த பன்னாட்டுச் சங்கம், 1919ஆம் ஆண்டுக்கான நோபல் சமாதானப் பரிசு.

இந்த வாரம் வேறொன்று கண்ணில் பட்டது. அதே மனிதர் அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவியேற்ற 1913இல், அதுவரை வெள்ளையரும் கறுப்பினரும் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் வேலை செய்துகொண்டிருந்த மத்திய அரசு அலுவலகங்களில் தனி மேசை, தனிச் சாப்பாட்டு அறை, தனிக் கழிப்பறை என்று பிரித்திருக்கிறார்கள். பொதுப் பணியின் இலக்கணத்தை எழுதியவரின் ஆட்சியில்!

மதிப்பெண்ணுக்காகக் கேட்கவில்லை. இவரை எப்படிப் படிப்பது? தனித்தனி நபர்களாக நினைத்துக்கொண்டு தனித்தனி நோட்டில் எழுதினால்தான் தேர்வு எழுத முடியும் போலிருக்கிறது.


கோப்புக்கட்டு | சனி, இரவு 10.05

முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த 1887 கட்டுரையைத் தேர்வுக்குறிப்பில் படிக்காதீர்கள், முழுதாகப் படியுங்கள். அப்போது அவருக்கு முப்பது வயது. பிரின் மார் பெண்கள் கல்லூரியில் ஆசிரியர்.

அவர் அப்படி எழுதியதற்கு ஒரு பின்னணி உண்டு. அந்தக் காலத்து அமெரிக்காவில் கட்சி ஜெயித்தால் தபால்காரர் வரை மாற்றிவிடுவார்கள். வேலை என்பது கட்சிக்காரனுக்குக் கொடுக்கும் பங்கு. 1881இல் ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டவன், தனக்கு அரசுப் பதவி கிடைக்கவில்லை என்ற ஆத்திரத்தில் சுட்டான். அதன் பிறகுதான், 1883இல், தகுதித் தேர்வு வைத்து வேலை கொடுக்கும் சட்டம் வந்தது. நாம் எழுதும் போட்டித் தேர்வுகளுக்கு அது ஒன்றுவிட்ட சித்தப்பா.

அந்தச் சூழலில் வில்சன் சொன்னார்: அரசியல் சாசனத்தை எழுதுவதைவிட அதை நடத்துவதுதான் கடினமாகிக்கொண்டு வருகிறது. எவ்வளவு சரி! பிறகு அந்தப் புகழ்பெற்ற கத்தி உவமை. ஒருவன் கத்தியைச் சாமர்த்தியமாகத் தீட்டுகிறான், அவன் கொலைகாரனாகக்கூட இருக்கலாம். அவனுடைய நோக்கத்தைக் கடன் வாங்காமல் தீட்டும் முறையை மட்டும் நான் கடன் வாங்கிக்கொள்ளலாமே என்கிறார். மன்னராட்சி நடக்கும் ஜெர்மனியின் பிரஷ்யாவிடமிருந்து நிர்வாகம் கற்றுக்கொண்டால் மன்னராட்சியும் கூடவே வந்துவிடாது என்பது வாதம். முப்பது வருடம் கழித்து அதே பிரஷ்யாவின் மன்னர் கைசரோடு போர் தொடுக்கப்போவது இவரே என்று அன்றைக்கு அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

1896இல் பிரின்ஸ்டன் கல்லூரியின் 150ஆம் ஆண்டு விழாவில் பேசியபோது, கல்வி என்பது தேசத்துக்கு ஆற்றும் பணிக்கான தயாரிப்பு என்றார். அதை அவர் மேடைக்காகச் சொன்னதாக நான் நினைக்கவில்லை.


வைகைக்கரை | சனி, இரவு 11.20

வில்சனின் வார்த்தையை உலகத்திலேயே முதலில் நம்பி ஏமாந்தவர்களின் பட்டியல் போட்டால், அதில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் மேலே வருவார். ச. சுப்பிரமணிய ஐயர். மணி ஐயர் என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். 1842இல் மதுரையில் பிறந்தவர், மதுரையில் வக்கீல் தொழில் பார்த்துவிட்டுச் சென்னைக்குப் போய், உயர் நீதிமன்ற நீதிபதியாகி, தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தவர். அரசாங்கம் கொடுத்த 'சர்' பட்டமும் திவான் பகதூர் பட்டமும் உண்டு. அதாவது, வெள்ளைக்கார அரசுக்கு இதைவிட மரியாதைப்பட்ட ஒரு கிழவர் சென்னை மாகாணத்தில் கிடைக்கமாட்டார்.

1917 ஏப்ரல் 2. ஜனநாயகத்துக்கு உலகம் பாதுகாப்பான இடமாக வேண்டும் என்று வில்சன் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசுகிறார், போர் அறிவிப்பு கேட்கிறார். அதே ஆண்டு ஜூனில் இங்கே சென்னை அரசு, ஹோம் ரூல், அதாவது சுயாட்சி, கேட்ட அன்னி பெசன்டைப் பிடித்து ஊட்டியில் வைக்கிறது. ஹோம் ரூல் லீக்கின் கௌரவத் தலைவர் மணி ஐயர். வயது எழுபத்து நான்கு. ஜூன் 24ஆம் தேதி உட்கார்ந்து நேரடியாக வில்சனுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார்.

நாங்கள் அடிமைத் தேசம், விலங்கு மாட்டப்பட்டிருக்கிறோம், பேசக்கூட விடுவதில்லை என்று ஆரம்பம். நீங்கள் ஜனநாயகத்துக்காகப் போரிடுகிறீர்களே, எங்களுக்கு சுயாட்சி தருவதாக ஒரு வாக்குறுதி வாங்கிக் கொடுங்கள், மூன்று மாதத்தில் 50 லட்சம் பேர் போர்முனைக்கு வருவார்கள், அடுத்த மூன்று மாதத்தில் இன்னும் 50 லட்சம் பேர் என்கிறார். கணக்கு கொஞ்சம் தாராளம்தான். ஆனால் அந்தக் கடிதத்தை இப்போது படித்தாலும் கெஞ்சல் கிடையாது. ஒரு நீதிபதி இன்னொரு நீதிபதிக்கு, 'உங்கள் தீர்ப்பு உங்களையும் கட்டுப்படுத்தும் அல்லவா?' என்று கேட்கிற தொனி.


மழைக்கால வாசகி | சனி, இரவு 11.34

தணிக்கை இருந்த காலமாயிற்றே, தபால் எப்படிப் போனது?


வைகைக்கரை | சனி, இரவு 11.51

தபாலில் போகவில்லை அம்மா. அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்திருந்த ஹாட்ச்னர் என்ற அமெரிக்கத் தம்பதியர் கையோடு எடுத்துச் சென்றார்கள். விஷயம் வெளியே வந்ததும் லண்டனில் ஒரே புகைச்சல். இந்தியா மந்திரி மாண்டேகு, 1918இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அந்தக் கடிதத்தை வெட்கக்கேடு என்றார். மணி ஐயர் பதில் சொல்லி நேரத்தை வீணாக்கவில்லை. இரண்டு பட்டங்களையும் துறந்துவிட்டார். தாகூர் தன் பட்டத்தைத் துறந்தது அதற்கு அடுத்த வருடம். நம் ஆட்களுக்கு விளம்பரம் பண்ணத் தெரிவதில்லை என்று என் தாத்தா இதைச் சொல்லும்போதெல்லாம் பெருமூச்சு விடுவார்.


நள்ளிரவு விளக்கு | ஞாயிறு, அதிகாலை 1.10

எல்லோரும் ரொம்ப இரக்கமாகப் பேசுகிறீர்கள். இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன், பாருங்கள்.

1919 ஏப்ரல் 11, போருக்குப் பிந்தைய பாரிஸ் சமாதான மாநாடு. பன்னாட்டுச் சங்கத்துக்கான சாசனத்தை எழுதும் குழு கூடுகிறது. தேசங்களுக்கு இடையே சமத்துவம் என்ற கொள்கையை ஒரு வரியாகவாவது முன்னுரையில் சேருங்கள் என்று ஜப்பான் கேட்கிறது. இனச் சமத்துவம் என்று வெளிப்படையாகக் கேட்டது முன்பே எடுபடாததால், இது ஏற்கெனவே தண்ணீர் ஊற்றிய வடிவம். 17 பேரில் 11 பேர் ஆதரவு. தலைமை நாற்காலியில் இருந்த வில்சன், இவ்வளவு பெரிய விஷயத்துக்கு ஒருமனதான சம்மதம் வேண்டும் என்று சொல்லி மூடிவிட்டார். சங்கத்தின் தலைமையகம் ஜெனீவா என்று முடிவானபோது ஒருமனது தேவைப்படவில்லை, பெரும்பான்மை போதுமானதாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து, 1919 ஏப்ரல் 13, அமிர்தசரஸ், ஜாலியன்வாலா பாக்.

இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று நான் சொல்லவில்லை. ஆனால் போருக்காகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்களைக் கடல்கடந்து அனுப்பி, எழுபதாயிரத்துக்கும் மேல் சாகக் கொடுத்த நாடு இது. அந்த வாரம் உலகம் அதற்குச் சொன்ன பதில் இதுதான்.

உள்நாட்டுக் கதையும் உண்டு. போரை எதிர்த்து ஒஹாயோ மாகாணத்தில் ஒரு கூட்டத்தில் பேசியதற்காக யூஜின் டெப்ஸ் என்ற தொழிற்சங்கத் தலைவருக்குப் பத்து ஆண்டு சிறை. அவர் சிறையிலிருந்தே 1920 ஜனாதிபதித் தேர்தலில் நின்று ஒன்பது லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் வாங்கினார். போர் முடிந்து இரண்டு வருடம் ஆகியும் வில்சன் அவரை விடவில்லை. அவருக்குப் பின் வந்த, யாரும் லட்சியவாதி என்று சொல்லாத ஹார்டிங்தான் 1921 கிறிஸ்துமஸுக்கு விடுதலை செய்தார். ஹெய்ட்டி நாட்டுக்கு 1915இல் படை அனுப்பியதும் இதே சமாதானப் பிரியர்தான். இவருக்குப் போய் லட்சியம் என்ற வார்த்தையைச் செலவழிக்க வேண்டுமா?


கோப்புக்கட்டு | ஞாயிறு, காலை 7.40

நண்பரே, மறுக்கவில்லை. இன்னும் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு இரவு தூக்கம் கெட்டது அதனால்தான்.

டு பாய்ஸ் என்ற கறுப்பின அறிஞர் 1912 தேர்தலில் வில்சனை ஆதரித்தவர். அடுத்த ஆண்டே தன் பத்திரிகையில் அவருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அதில் ஓர் எழுத்தரைப் பற்றி வருகிறது. அவருடைய வேலையின் தன்மை காரணமாக அவரைத் தனி அறைக்கு மாற்ற முடியவில்லை. ஆகவே பல ஆண்டுகளாகக் கூட வேலை செய்த வெள்ளைக்காரச் சகாக்களிடமிருந்து பிரிப்பதற்காக அவரைச் சுற்றி ஒரு கூண்டு கட்டிவிட்டார்களாம்.

கூண்டு. அலுவலகத்துக்கு நடுவில்.

அதற்கென்று நாடாளுமன்றம் ஒரு சட்டமும் போடவில்லை, கவனியுங்கள். தபால் துறைத் தலைவர் பர்ல்சன், நிதித் துறைத் தலைவர் மக்காடூ, அவர்களுக்குக் கீழே யாரோ ஒரு பிரிவு அதிகாரி, ஒரு வாய்மொழி உத்தரவு, ஒரு தச்சர். 1914இலிருந்து அரசு வேலைக்கான விண்ணப்பத்தோடு புகைப்படம் ஒட்ட வேண்டும் என்ற விதி வந்தது. பார்த்தால் எவ்வளவு சாதுவான விதி! ஆள் மாறாட்டத்தைத் தடுக்க என்று ஒரு காரணமும் எழுதிவிடலாம். முகத்தின் நிறம் பார்த்து விண்ணப்பத்தை ஒதுக்க அது போதும். நானே பணிக்காலத்தில் இப்படிப்பட்ட சாதுவான சுற்றறிக்கைகளை நகல் எடுத்து அனுப்பியிருக்கிறேன். எதற்காக வந்தது என்று கேட்டதில்லை. கேட்பது என் வேலை இல்லை என்று பாடத்தில் படித்திருந்தேன்.

அந்தப் பாடம் யாருடையது? அரசியல் வேறு, நிர்வாகம் வேறு. தீட்டும் முறை வேறு, கொலை செய்யும் நோக்கம் வேறு. தேர்வுமேசை கேட்ட கேள்விக்கு நான் சொல்வது இதுதான்: தனித்தனி வில்சன்கள் கிடையாது. கத்தி தீட்டுபவன் நோக்கத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்று எழுதிய அதே கை, தன் அலுவலகத்தில் கத்தி யார் மேல் விழுகிறது என்று பார்க்காமல் இருந்தது. கறுப்பினப் பத்திரிகையாளர் டிராட்டர் 1914 நவம்பரில் வெள்ளை மாளிகைக்கே போய் முகத்துக்கு நேராகக் கேட்டார். பிரித்து வைப்பது உங்கள் நன்மைக்குத்தான் என்கிற மாதிரிப் பதில் வந்தது. டிராட்டர் விடாமல் வாதாடியதும், அடுத்த முறை வேறு ஆளை அனுப்புங்கள் என்று கோபித்துக்கொண்டார்.


மழைக்கால வாசகி | ஞாயிறு, காலை 8.15

கூண்டு விஷயம் இதுவரை கேள்விப்படாதது. காபி ஆறிவிட்டது.


உப்புக்காற்று | ஞாயிறு, பிற்பகல் 3.30

எதிர்ப்பக்கம் நின்று கொஞ்சம் பேசட்டுமா? இந்த இழை போகிற போக்கில் அந்த மனிதர் வெறும் பாசாங்குக்காரர் என்று முடிந்துவிடும். பாசாங்குக்காரனாக இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்பதுதான் என் கட்சி.

வெள்ளை மாளிகைப் புல்வெளியில் போர்க்காலத்தில் செம்மறி ஆடு மேய்ந்தது தெரியுமா? புல் வெட்டும் ஆட்களைப் போர் வேலைக்கு விடுவிக்கலாம் என்று ஆடு வாங்கிவிட்டார்கள். அந்த ஆட்டு ரோமத்தை ஏலம் விட்டதில் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு 52,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. வாரத்தில் ஒரு நாள் இறைச்சி இல்லை, ஒரு நாள் கோதுமை இல்லை என்று நாடு முழுக்கக் கடைப்பிடித்தார்கள். சட்டம் போட்டு அல்ல, கேட்டுக்கொண்டு. 1965இல் சாஸ்திரி திங்கட்கிழமை இரவு உணவை விடச் சொன்னபோது எங்கள் வீட்டில் அடுப்பு அணைந்திருந்தது என்று என் அம்மா சொல்வார். தலைவர் தானும் செய்கிறார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் ஜனங்கள் அப்படிச் செய்வார்கள்.

பெரிய ராஜதந்திரக் கடிதங்களையும் உரைகளையும் அவர் தாமே டைப்ரைட்டரில் அடிப்பார். 1918 டிசம்பரில் கப்பலேறி ஐரோப்பா போனார். பதவியில் இருக்கும்போது அங்கே போன முதல் அமெரிக்க ஜனாதிபதி அவர். 1919 மே 30ஆம் தேதி, பாரிஸுக்கு வெளியே சுரேன் என்ற இடத்தில் அமெரிக்கச் சிப்பாய்களின் கல்லறைகளுக்கு முன்னால் நின்று பேசினார். இவர்களை இங்கே அனுப்பியது நான் என்று சொன்னார். போர் நடத்திய எத்தனை தலைவர்கள் கல்லறைக்கு முன்னால் அந்த எழுவாயைப் போட்டிருக்கிறார்கள்? 'அவர்கள் தேசத்துக்காக உயிர்நீத்தார்கள்' என்றுதான் வழக்கமாக வரும்.

அந்த ஜூனில், பன்னாட்டுச் சங்கத்தின் சாசனமும் அடங்கிய வெர்சாய் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகி ஊர் திரும்பினார். அமெரிக்கா சங்கத்தில் சேர நாடாளுமன்ற மேலவையான செனட் சம்மதிக்க வேண்டும். எதிரணித் தலைவர் லாட்ஜ் இழுத்தடிக்கிறார். மருத்துவர் வேண்டாம் என்று சொல்லியும் செப்டம்பரில் ரயிலேறினார். 22 நாளில் சுமார் 8,000 மைல். ஒலிபெருக்கி பெரும்பாலும் இல்லாத காலம், தலைவலியோடு ஒரு நாளைக்குப் பல கூட்டம். கொலராடோவில் பியூப்லோ என்ற ஊரில் பேசும்போது, மகனைப் பறிகொடுத்த தாய்மார்கள் தன் கையைப் பிடித்துக்கொண்டு அழுததையும் வாழ்த்தியதையும் சொன்னார். உங்கள் பிள்ளையைச் சாகக் கொடுத்தவன் நான், என்னை ஏன் வாழ்த்துகிறீர்கள் என்று கேட்டுவிட்டு, இனி ஒரு போர் வராமல் தடுக்கத்தான் அவன் செத்தான் என்று அவர்கள் நம்புகிறார்கள் என்றார். அன்றிரவு ரயிலிலேயே உடல் முடியாமல் போய்விட்டது. மிச்சப் பயணம் ரத்து. வாஷிங்டனுக்குத் திரும்பி, அக்டோபர் 2ஆம் தேதி பக்கவாதம். இடது பக்கம் செயலிழந்தது.

பாசாங்குக்காரன் இவ்வளவு தூரம் போகமாட்டான்.


கோப்புக்கட்டு | ஞாயிறு, மாலை 6.20

உப்புக்காற்று, உருக்கமாக எழுதிவிட்டீர்கள். நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்து நான் தொடர்கிறேன். பொதுப் பணி என்ற சொல்லுக்கு உரைகல் அங்கேதான் இருக்கிறது.

பக்கவாதம் வந்த மனிதர் பதவி விலகவில்லை. துணை ஜனாதிபதியிடம் ஒப்படைக்கவும் இல்லை. மனைவி எடித் வாசலில் நின்று, எந்தக் காகிதம் உள்ளே போகலாம், எது கூடாது என்று முடிவு செய்தார். மாதக்கணக்கில் அமைச்சரவை அவரைப் பார்க்கவில்லை. வேலை நின்றுவிடக் கூடாதே என்று வெளியுறவு அமைச்சர் லான்சிங் அமைச்சரவையைக் கூட்டினார். 1920 பிப்ரவரியில், என்னைக் கேட்காமல் எப்படிக் கூட்டினாய் என்று அவரை வெளியே அனுப்பினார் வில்சன்.

எனக்கு ஒரு மேலதிகாரி இருந்தார். நேர்மையானவர், கடும் உழைப்பாளி. நோயில் விழுந்து எட்டு மாதம் படுக்கை. பொறுப்பை யாரிடமும் தரமாட்டேன் என்றார். வாரம் ஒரு முறை கோப்புகளை அவர் வீட்டுக்கு நான்தான் ஸ்கூட்டரில் எடுத்துப் போவேன். திண்ணையில் அவர் மனைவி வாங்கி வைத்துக்கொள்வார். கையெழுத்து வரும்போது கோடு நடுங்கியிருக்கும், சில சமயம் கோப்பு வராது. அந்த எட்டு மாதத்தில் ஓய்வூதியத்துக்குக் காத்திருந்த ஒரு கிராம உதவியாளர் இறந்தேபோனார். தன்னைவிட நன்றாக யாரும் செய்யமாட்டார்கள் என்ற நினைப்பு அவருக்கு. அதைச் சேவை என்றே அவர் நம்பினார்.

செனட்டில் நடந்ததும் அதுதான். லாட்ஜின் நிபந்தனைகளோடு ஒப்பந்தத்தை ஏற்க வழி இருந்தது. முக்கியமாகச் சங்கச் சாசனத்தின் பத்தாம் பிரிவு, அதாவது ஓர் உறுப்பு நாட்டின் மேல் படையெடுத்தால் மற்றவர் துணை நிற்க வேண்டும் என்பது. அதில் எங்கள் நாடாளுமன்றம் சம்மதித்தால்தான் படை அனுப்புவோம் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள். வில்சன் படுக்கையிலிருந்து தன் கட்சிக்காரர்களுக்கு எழுதினார், எதிர்த்து வாக்களியுங்கள் என்று. 1920 மார்ச் 19, கடைசி வாக்கெடுப்பு: நிபந்தனைகளோடு ஏற்க ஆதரவு 49, எதிர்ப்பு 35. மூன்றில் இரண்டு பங்குக்கு ஏழு வாக்கு குறைவு. எதிர்த்தவர்களில் அவருக்கு விசுவாசமானவர்களே நிறைய. தன் சங்கத்தில் தன் நாடு சேராமல் தடுத்ததில் லாட்ஜுக்குப் பாதி, இவருக்குப் பாதி.


நள்ளிரவு விளக்கு | திங்கள், அதிகாலை 12.45

உப்புக்காற்றுக்கு ஒரு படி இறங்கி வருகிறேன், பாசாங்கு என்ற பட்டத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்கு இப்போது வில்சனைவிட அவர் பேச்சைக் கேட்டவர்கள்தான் சுவாரசியமாகத் தெரிகிறார்கள். மணி ஐயர் 1917இல். 1919 மார்ச் 1 அன்று கொரியாவில் தெருவுக்கு வந்தவர்கள். எகிப்திலிருந்து சுதந்திரம் கேட்டுத் தலைவர் ஜக்லூல் பாரிஸுக்கு வந்து சேர்ந்த நாட்களிலேயே, எகிப்தின் மேல் பிரிட்டனுக்கு இருந்த பாதுகாப்பு உரிமையை அமெரிக்கா அங்கீகரித்துவிட்டது. சீனாவின் ஷான்டுங் பகுதியை ஜப்பானுக்கே விட்டதால் மே 4 அன்று பெய்ஜிங் மாணவர்கள் கொதித்தார்கள். வியட்நாமியர் ஒரு மனு கொடுத்தார்கள், அதிலிருந்த பெயரைப் பின்னாளில் உலகம் ஹோ சி மின் என்று அறிந்தது. எல்லோரும் பதினான்கு அம்சங்களில் இருந்த சுயநிர்ணய உரிமையை நம்பி வந்தவர்கள்.


வைகைக்கரை | திங்கள், காலை 6.30

ஒரு திருத்தம். 'சுயநிர்ணயம்' என்ற சொல் பதினான்கு அம்சங்களில் கிடையாது. ஐந்தாவது அம்சத்தில் காலனி மக்களின் நலனுக்கும் சம எடை தர வேண்டும் என்றுதான் இருக்கிறது. அந்தச் சொல்லை அவர் அதற்கு அடுத்த மாதம், 1918 பிப்ரவரி 11 உரையில் பயன்படுத்தினார். லெனின் அதற்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்தார். லான்சிங் அந்தச் சொல்லில் வெடிமருந்து நிரம்பியிருக்கிறது என்று தன் குறிப்பில் எழுதி வைத்தார். வேலையை விட்டுத் துரத்தப்பட்ட அதே லான்சிங்.

நம்மவர்களும் போகப் பார்த்தார்கள். 1918 டிசம்பரில் டெல்லி காங்கிரஸ், பாரிஸ் மாநாட்டுக்குத் திலகர், காந்தி, ஹசன் இமாம் மூவரையும் பிரதிநிதிகளாகத் தேர்ந்தெடுத்தது. அரசு விடவில்லை. இந்தியாவுக்காக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது மாண்டேகுவும் பிகானீர் மகாராஜாவும். மணி ஐயர் கடிதத்தை வெட்கக்கேடு என்றாரே, அதே மாண்டேகு! இப்படியாக அடிமை நாடாகவே இருந்துகொண்டு இந்தியா பன்னாட்டுச் சங்கத்தின் ஸ்தாபக உறுப்பினர் ஆனது. 1921இல் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி ஜெனீவாவில் இந்தியாவின் பெயரால் பேசினார். அமெரிக்காவின் நாற்காலிதான் காலி. கட்டியவர் குடிபுகாத வீட்டில் நாம் வாடகைக்கு இருந்தோம்.


உப்புக்காற்று | திங்கள், காலை 9.10

2020இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் தன் பொதுக்கொள்கைப் பள்ளியின் பெயரிலிருந்து வில்சனை எடுத்துவிட்டது. அரசு அலுவலகப் பாகுபாட்டைத்தான் காரணமாகச் சொன்னார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. பெயர்ப்பலகை இருந்தால்தானே யாராவது நின்று கேட்பார்கள். ஆனால் கூண்டைப் படித்த பிறகு அதற்காகச் சண்டை போடும் தெம்பும் இல்லை.


தேர்வுமேசை | வியாழன், இரவு 8.50

எல்லோருக்கும் நன்றி. கோப்புக்கட்டு ஐயாவுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

நேற்று மாதிரித் தேர்வு. 'அரசியலையும் நிர்வாகத்தையும் பிரித்துப் பார்க்கும் வில்சனின் அணுகுமுறையை ஆராய்க' என்று ஒரு கேள்வி. உயிரோடு சந்தித்த மாதிரி இருந்தது. 1887, 1883 சட்டம், கத்தி எல்லாம் எழுதினேன். பிறகு ஒரு பத்தி முழுக்கக் கூண்டையும் புகைப்பட விதியையும் எழுதினேன். இன்று தாள் வந்தது. அந்தப் பத்தியின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு, ஓரத்தில் 'கேள்விக்குத் தொடர்பற்றது' என்று எழுதியிருக்கிறார்கள்.


கோப்புக்கட்டு | வியாழன், இரவு 9.02

எத்தனைக்கு எத்தனை அம்மா?


தேர்வுமேசை | வியாழன், இரவு 9.04

பத்துக்கு நாலரை, ஐயா. கூண்டு இல்லாமல் எழுதிய தோழிக்கு ஆறு.